ஒன்பது புள்ளி எட்டு இரண்டு

பி.எஸ்சி. முதலாம் ஆண்டு பிராக்டிகல் தேர்வில் எனக்கு விழுந்த சோதனை கூட்டு ஊசல். ஒரு மீட்டர் நீள உலோகப் பட்டை, அதில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையாகக் கத்திமுனையில் தொங்கவிட்டு, லேசாக ஆட்டிவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று எழுதிக்கொண்டே போகவேண்டும். பிறகு வரைபடம், வரைபடத்திலிருந்து ஒரு நீளம், அந்த நீளத்திலிருந்து ஜி. அதாவது புவியீர்ப்பு முடுக்கம். மூன்று மணி நேரத் தேர்வு. விடை மட்டும் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும்: 9.8.

அந்த வருடம் லேபில் ஒழுங்காக ஓடும் ஸ்டாப் கிளாக் குறைவு. எனக்கும் பக்கத்து மேசைக்காரனுக்கும் சேர்த்து ஒன்று கொடுத்தார்கள். அவனுக்கும் கூட்டு ஊசல்தான். அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன் என்பதால் வகுப்பில் அவனை ‘அழகர்’ என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவன் முதலில் ரீடிங் எடுத்துவிட்டு கிளாக்கை என்னிடம் தள்ளினான். நான் எடுத்தேன். கணக்குப் போட்டேன். 9.49 வந்தது.

இன்னொரு முறை போட்டேன். அதேதான்.

அடுத்து நான் செய்ததை இயற்பியல் படித்த பலரும் ஒரு முறையாவது செய்திருப்பீர்கள். பென்சிலில் எழுதியிருந்த எல்லா நேரத்திலும் அரை நொடி குறைத்தேன். 31 நொடி 30.5 ஆனது. வரைபடத்தை மறுபடி வரைந்தேன். 9.82 வந்தது. சீனியர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: “கரெக்டா 9.8 போடாத, சந்தேகம் வரும். கொஞ்சம் தள்ளிப் போடு.” பொய்யை உண்மை மாதிரி காட்ட அதில் ஒரு சின்னப் பிசகை வைக்கவேண்டும் என்ற நுட்பத்தைப் பதினெட்டு வயதில் இயற்பியல் ஆய்வகத்தில் கற்றேன்.

அழகர் மாற்றவில்லை. அவன் தாளில் 9.49 என்றே இருந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவன் மேசையில் நின்றார். “ஏம்ப்பா, ஜி ஒன்பது புள்ளி நாலா? எந்த ஊர்ல?” என்றார். அவன், “ரெண்டு தடவ எடுத்தேன் சார். அதுதான் வருது” என்றான். அவர் என் பக்கம் திரும்பினார். “உனக்கு எவ்வளவு?”

“9.82 சார்.”

“பாத்தியா? அதே லேப், அதே சாமான். அவனுக்கு வருதுல்ல?”

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே நாளில் அத்தனை பேரைப் பார்த்து முடிக்கவேண்டியவர். அழகர் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்தான். அவன் ஏதோ தட்டுத்தடுமாறி பாஸ் ஆனான். எனக்கு வகுப்பிலேயே நல்ல மார்க்குகளில் ஒன்று.

*

‘ரீடிங் அடிச்சு விடுறது’ என்று எங்கள் கல்லூரியில் இதற்குப் பெயர். யாரும் இதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். கடையில் பாக்கிச் சில்லறை கூடுதலாக வந்தால் திருப்பிக் கொடுக்கிறவன், நண்பனின் ஐந்து ரூபாய்க் கடனை நினைவு வைத்துக் கொடுக்கிறவன், லேபுக்குள் வந்ததும் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை உண்டாக்குவான். வாத்தியாருக்கும் தெரியும். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்து விழும். விடை முன்பே தெரிந்த கேள்விக்கு எதற்கு உண்மையாகப் பதில் தேடவேண்டும்? கேட்டால் நியாயமாகத்தான் படும்.

தேர்வு முடிந்த அடுத்த வாரம் அழகர் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனான். மதுரையிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். கோட்டைச் சுவரைத் தாண்டி உள்ளே போனால் கள்ளழகரைப் பார்ப்பதற்கு முன்பே பதினெட்டாம்படிக் கருப்பர் இருப்பார். அங்கே சிலை கிடையாது. ராஜகோபுரத்தின் சாத்தப்பட்ட பெரிய கதவுதான் சாமி. அதற்குத்தான் சந்தனம், மாலை, எல்லாம். அழகரின் மகிமையைக் களவாட மலையாளத்திலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகளைப் புதைத்துப் படிகள் கட்டியதாகவும், அவர்களோடு வந்த கருப்பர் இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டதாகவும் கதை. தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வைப் படித்தவர்களுக்கு, இந்தக் கோயிலோடு சுற்றுப்பட்டுச் சாதிகளும் கிராமங்களும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது தெரிந்திருக்கும்.

இந்தப் பக்கத்து ஊர்களில் வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், களவு என்று தீராத வழக்குகள் கடைசியில் இந்தக் கதவுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். “கருப்பர் கோயில்ல வந்து சத்தியம் பண்ணு” என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சு இல்லை. நாங்கள் போன அன்று அப்படி ஒரு கூட்டம் நின்றது. நடுவயதுக்காரர் ஒருவர் வாங்கிய பணத்தைக் கொடுத்துவிட்டதாகச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். சூடம் எரிந்தது. அவர் கை நீண்டது, பாதியில் நின்றது. “சரி விடுங்க, நான் குடுத்துர்றேன்” என்று ஒதுங்கிப் போனார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. வழக்கு முடிந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்து திட்டில் உட்கார்ந்து அழகர்கோவில் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். கடைத்தெருவில் கிடைக்கிற தோசை மாதிரி இருக்காது. உளுந்தும் மிளகும் சேர்ந்து தடிமனாக, மொறுமொறுவென்று இருக்கும். குரங்குகளுக்குப் பயந்து பொட்டலத்தை மடியில் மறைத்துக்கொண்டு அழகர் சொன்னான்:

“மாப்ள, அந்த ஸ்டாப் கிளாக்க செக் பண்ணேன். அட்டெண்டர் அண்ணன்ட்ட கேட்டு வாங்கி, எங்க அப்பா வாட்ச்சு பக்கத்துல வச்சு ஓட விட்டேன். பத்து நிமிசத்துல ஒம்பது செகண்ட் முன்னாடி ஓடுது.”

எனக்கு உடனே புரிந்தது. கிளாக் ஒன்றரை சதவீதம் வேகமாக ஓடுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு அலைவுக்கும் நேரம் ஒன்றரை சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஜி கணக்கில் நேரத்தின் வர்க்கம் கீழே வருவதால் விடை மூன்று சதவீதம் குறையும். அவன் விடையும் அதையேதான் காட்டியது. அவன் ஊசலை ஒழுங்காகத்தான் ஆட்டியிருக்கிறான், ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறான். பிசகு கிளாக்கில். அந்தத் தேர்வு அறையில் கிளாக்குக்கு வந்த நோயைக் கண்டுபிடித்தது அவன் தாள் ஒன்றுதான்.

“உனக்கு எவ்வளவுடா வந்துச்சு?” என்றான்.

கருப்பர் கதவு எங்களுக்கு இருபதடி தூரத்தில் இருந்தது. “9.82தான்டா” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுத் தோசையைத் தின்றான்.

*

மூன்றாம் ஆண்டில் வேறு துறைப் பாடம் ஒன்று எடுக்கவேண்டும். உளவியல் அறிமுகம் எடுத்தேன். ஆர்வமெல்லாம் இல்லை, ஈஸியாகப் பாஸ் ஆகலாம் என்றார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். பாவ்லோவ், ஃபிராய்ட், ஸ்கின்னர் என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். ஒருநாள் சாலமன் ஆஷ் வந்தார்.

1951-இல் ஆஷ் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் அளவு? சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். அறையில் வரிசையாகக் கல்லூரி மாணவர்கள். ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். முன்பே பேசி வைத்தபடி, பதினெட்டுச் சுற்றில் பன்னிரண்டில் எல்லோரும் ஒரே தவறான விடையைச் சத்தமாகச் சொல்வார்கள். கடைசியில் அந்த ஒருவன் முறை வரும். தன் கண்ணை நம்புவானா, அறையை நம்புவானா?

அந்தச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான விடைகள் கூட்டத்தோடு சாய்ந்தன. நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது சாய்ந்தார்கள். தனியாக உட்கார்ந்து செய்தவர்கள் தவறியது மிக அபூர்வம்.

எனக்கு உடனே சித்திரைத் திருவிழா ஞாபகம் வந்தது. ஆறேழு வயதிருக்கும். வைகைக் கரையில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதில்தான் ஊர் மூச்சு நிற்கும். பச்சை என்றால் அந்த வருடம் செழிப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைகளும் குடைகளும் தூரத்தில் ஏதோ ஒரு மினுக்கமும்தான். முன்னாலிருந்து “பச்சப் பட்டு! பச்சப் பட்டு!” என்று குரல் அலையாக வந்தது. நானும் கத்தினேன். வீட்டுக்குப் போய் ஆத்தாவிடம் “பச்சப் பட்டு ஆத்தா, நான் பார்த்தேன்” என்று சொன்னேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் பச்சை தெரிகிறது. பார்க்காத ஒன்றின் நிறம் அது. அந்தப் பொய்யில் எனக்கு வருத்தம் கிடையாது. அது கூட்டத்தோடு சேர்ந்து மகிழ்வதற்குக் கொடுத்த விலை, யாரும் அதில் தோற்கவில்லை.

ஆனால் தேர்வு அறை அப்படியில்லை. உளவியல் வகுப்பில் உட்கார்ந்து, நானும் ஆஷின் மாணவன் மாதிரி கூட்டத்துக்குப் பயந்து விடையை மாற்றியவன்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன். மனித இயல்பு. நான்கில் மூன்று பேர் செய்வது. பாடப்புத்தகமே சொல்கிறது. கொஞ்ச நாள் அந்தச் சமாதானம் நன்றாகவே வேலை செய்தது. உளவியலின் அறிமுகப் பாடத்தில் இருக்கும் ஆபத்து இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ‘இப்படித்தான் மனிதர்கள் நடந்துகொள்கிறார்கள்’ என்ற தகவலை ‘அதனால் பரவாயில்லை’ என்று வாசித்துவிடுகிறோம்.

ஆஷின் சோதனையில் இன்னொரு பகுதி உண்டு. அதை அன்று வகுப்பில் வேகமாகக் கடந்துவிட்டோம். அறையில் ஒரே ஒரு ஆளை மட்டும் உண்மையான விடையைச் சொல்லவைத்தார் ஆஷ். மற்றவர்கள் எல்லாம் பழையபடி தவறாகவே சொன்னார்கள். கூட்டத்தோடு சாய்வது கால்வாசியாகக் குறைந்துபோனது. ஒரு ஆள் போதும். அவன் தலைவனாக இருக்கவேண்டியதில்லை, வாதாடவேண்டியதில்லை. தன் முறை வரும்போது தான் பார்த்ததைச் சொன்னால் போதும்.

இது எனக்கு உறைக்கச் சில வருடம் ஆனது. உறைத்தபோது அறையில் என் நாற்காலி மாறிவிட்டது. ஆஷின் அறையில் தன் கண்ணை நம்பலாமா என்று திணறியவன் அழகர். நான், பேசி வைத்தபடி தவறாகச் சொன்னவர்களில் ஒருவன். அதிலும், அந்த அறையில் அவனுடைய அதே கிளாக்கை வைத்து, அதே 9.49-ஐப் பார்த்த ஒரே ஆள் நான்தான். அந்த இரண்டாவது குரல் வேறு யாரிடமிருந்தும் வந்திருக்க முடியாது. “எனக்கும் அப்படித்தான் சார் வந்துச்சு” என்ற ஒரு வரி. அந்த வரி வந்திருந்தால் தேர்வாளர் கையில் இருந்தது ஒரு மக்கு மாணவன் இல்லை, ஒரு கெட்டுப்போன கிளாக்.

*

எம்.எஸ்சி. படிக்கும்போது இன்னொரு அடி விழுந்தது. பூமி சுழல்வதாலும், நடுக்கோட்டில் பருத்திருப்பதாலும், ஜி எல்லா ஊரிலும் ஒன்றில்லை. துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. நாம் மனப்பாடம் செய்த 9.80665 என்பது 1901-இல் பன்னாட்டு மாநாடு ஒன்று ஒப்பந்தமாக ஏற்றுக்கொண்ட எண். மதுரை இருப்பது சுமார் பத்து டிகிரி வட அட்சரேகையில். சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் மதுரையின் ஜி 9.78.

ஆக நான் அன்று அடிச்சு விட்டது என் ஊரின் எண்கூட இல்லை. உண்மையைவிட்டுப் போனதும் போனேன், 9.8-க்கு எந்தப் பக்கம் தள்ளுவது என்பதையும் தப்பாகத் தள்ளியிருக்கிறேன். அழகரின் 9.49-ஐ எடுத்து, கிளாக்கின் ஒன்றரை சதவீதத்தைத் திருத்தினால் 9.78 வருகிறது. அவன் தாளில் மதுரை இருந்தது. கொஞ்சம் துடைத்துப் பார்க்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் தாளில் எந்த ஊரும் இல்லை.

இது மாணவர்களின் வியாதி மட்டும் இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளை வைத்து அளந்தவர் ராபர்ட் மில்லிகன். 1923-இல் நோபல் பரிசு பெற்றார். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுப் பிசகியதால் அவருடைய விடை கொஞ்சம் குறைவாக இருந்தது. பின்னால் வந்தவர்களின் விடைகள் ஒரேயடியாகச் சரியான எண்ணுக்குப் போகாமல், மெல்ல மெல்ல ஏறின என்று 1974-இல் கால்டெக் பட்டமளிப்பு விழா உரையில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் சொன்னார். மில்லிகனின் எண்ணைவிட ரொம்ப அதிகமாக வந்தால் எங்கே தவறு என்று தேடித்தேடிப் பார்த்தார்களாம். பக்கத்தில் வந்தால் அவ்வளவு தேடவில்லை. யாரும் எண்ணை மாற்றி எழுதவில்லை. பிடிக்காத விடையைச் சந்தேகித்து, பிடித்த விடையைச் சும்மா விட்டார்கள். என் பென்சிலும் அழிரப்பரும் செய்ததை அங்கே மரியாதை செய்துகொண்டிருந்தது.

உளவியலும் தப்பவில்லை. 2015-இல் ஒரு பெரிய குழு, இதழ்களில் வெளிவந்த நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. நாற்பது சதவீதத்துக்கும் குறைவாகவே முதலில் சொன்ன முடிவு திரும்ப வந்தது. இதைக் கேட்டு உளவியல் ஒரு விஞ்ஞானமா என்று சிரித்த இயற்பியல் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் ரெக்கார்டு நோட்டைத் தானே எடுத்து நடுத்தெருவில் விரித்துக் காட்டிய துறை அது. எங்கள் லேபில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

*

‘யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்’ என்று ஒன்று இருக்கிறதா? வள்ளுவரே தீமை பயக்காத சொல்லைத்தான் வாய்மை என்கிறார், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் அங்கே இடம் கொடுக்கிறார். ரெக்கார்டு நோட்டுப் பொய்க்கு ஆதரவாக இதைச் சொன்ன நண்பன் ஒருவன் உண்டு. “எவன் செத்தான் இதுல?” என்பான்.

நான் நினைப்பது இது. நம் பொய்யின் கெடுதலை, பொய் யாரைப் பற்றியதோ அவரிடம் தேடுகிறோம். ஜி-யைப் பற்றிய பொய்யால் பூமிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நான் பார்த்ததை மாற்றிச் சொல்லும்போது, அதையே பார்த்த இன்னொருவனைத் தனியாக்குகிறேன். அவன் கண் மேலேயே அவனுக்குச் சந்தேகம் வரும்படி செய்கிறேன். நான் அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவேண்டியதில்லை. என் எண்ணைச் சொன்னாலே போதும். அலுவலகத்தில், வீட்டில், தெருவில், “எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலயே” என்று நாம் நழுவுகிற இடத்திலெல்லாம் நடப்பது இதுதான். புகார் சொன்ன பெண்ணுக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லும்போதும் இதுதான்.

கருப்பர் கதவு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பதிலை நான் மட்டமாக நினைக்கவில்லை. அன்று சூடத்தின் முன்னால் கை நின்றுபோன மனிதர் என்னைவிட நேர்மையானவர். ஆனால் நம்புகிறவனுக்குத்தான் அந்தக் கதவு. நான் இருபதடி தூரத்தில் பொய் சொன்னேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் இல்லாதவனுக்கு மிச்சமிருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மட்டும்தான்.

*

இப்போது நானும் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு லேப் எடுக்கிறேன். பெரிதாக ஒன்றையும் மாற்றிவிடவில்லை. ரீடிங்கைப் பேனாவில் எழுதவேண்டும், அடித்தாலும் அடித்தது தெரியவேண்டும் என்று ஒரு விதி. விடை தள்ளிப் போனால் மார்க் குறையாது, ஏன் தள்ளிப்போனது என்று இரண்டு வரி எழுதினால் கூடும். பிள்ளைகள் முதலில் நம்பவே இல்லை. பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடம் அவர்களுக்கு வேறு பாடம் சொல்லியிருக்கிறது. இன்றைக்கும் பாதிப் பேர் அடிச்சுத்தான் விடுகிறார்கள், பேனாவிலேயே. முன்பே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு.

போன வருடம் ஒரு மாணவி 9.3 எழுதியிருந்தாள். ஏன் என்ற இடத்தில் “தெரியவில்லை. மூன்று முறை எடுத்தேன்” என்று இருந்தது. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையிலிருந்து ஒரு பையன், “எனக்கும் சார், முதல்ல கம்மியாத்தான் வந்துச்சு” என்றான். அவன் தாளில் 9.79 இருந்தது. காது சிவந்திருந்தது. அவனுக்கு நான் என்ன மார்க் போட்டேன் என்பது வேண்டாம்.

அன்று சாயங்காலமே மேலூரில் அழகரின் கடைக்குப் போனேன். டிராக்டர் உதிரிபாகம் விற்கிறான். பட்டத்தோடு படிப்பை நிறுத்தியதற்கு வீட்டு நிலைமைதான் காரணம். அந்த ஒரு தேர்வால்தான் என்று சொன்னால் எனக்கு நானே பெரிய இடம் கொடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். டீ வந்தது. சொன்னேன். அன்றைக்கு எனக்கும் 9.49தான் வந்தது என்று.

அவன் ஒரு பேரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“தெரியும்டா” என்றான். “ஒரே கிளாக்குதான. எனக்கு 9.49-ன்னா உனக்கு எப்படி 9.82 வரும்?”

இத்தனை வருடமும் எனக்கு இது தோன்றவே இல்லை. கோயில் வாசலில் உட்கார்ந்து கிளாக்கைப் பற்றி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகுதானே அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“அப்பறம் ஏன்டா அன்னைக்குக் கேட்ட?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன்” என்றான். பிறகு பேரிங்கை டப்பாவில் வைத்து மூடி, விலை எழுதி, வந்திருந்த ஆளிடம் கொடுத்தான்.